கேட்டவர் யார்? கொடுத்தவர் யார்?

“ஒரு தரம்! இரண்டு தரம்! மூன்று தரம்!”

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் இக்குரலைக் கேளாத செவி இல்லை. கண்மாயில் நீர் வற்றும் காலத்தில் மீன்பாசிக்கு இக்குரல் எழும். ஊர்ப்பொதுவில் நிற்கும் புளியமரத்தின் விளைச்சலுக்கு எழும். கோயில் திருவிழா முடிந்தபின் ஓர் எலுமிச்சங்கனிக்கும் எழும். மரத்தடியில் ஊரார் கூடியிருப்பர். ஒருவர் விலை கூறுவார். மற்றொருவர் ஏற்றிக் கேட்பார். கேட்கும் வாயெல்லாம் ஓய்ந்த பின்னரும் உடனே முடித்துவிடும் வழக்கம் இல்லை. மும்முறை கூவி, இடையிடையே நிறுத்தி, இன்னும் கேட்பார் உளரோ என்று ஊர்முகத்தை ஒருமுறை பார்த்த பின்னரே முடிப்பர். அந்த மும்முறைக் கூவல் வெற்றுச் சடங்கன்று. கேட்க விரும்புவோனுக்குக் கேட்கும் உரிமையையும், தடுக்க விரும்புவோனுக்குத் தடுக்கும் உரிமையையும் ஊரறியத் தரும் முறை அது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியில் 2,015.51 எக்டேர் நிலப்பரப்பு, அஃதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர், ஓர் ஏலத்தின் முடிவாக ஒரு நிறுவனத்தின் பெயருக்கு எழுதப்பெற்றது. அரிட்டாபட்டி, அ. வல்லாளபட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி, எட்டிமங்கலம் முதலான ஊர்களைத் தழுவிய நிலம் அது. அவ்வேலத்தில் ‘ஒரு தரம்’ என்னும் குரல் அவ்வூர்களின் எந்த மரத்தடியிலும் ஒலிக்கவில்லை. ஏலம் நடந்தது கணினித் திரையில். நடந்த மொழி ஆங்கிலம். உழுதவனுக்குச் செய்தி வந்தது, எல்லாம் முடிந்தபின்.

மண் பறிபோகும் முன் மண்ணைக் குறித்த சொல் பறிபோகிறது. இதை மெய்ப்பிக்க மேலூரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

இரு சொற்களின் வேர்

‘டெண்டர்’ என்பதும் ‘பிட்’ என்பதும் இன்று தமிழ்நாட்டு அலுவலகங்களில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள். இரண்டும் ஒன்றே என்று எழுத்தரும் எண்ணுகிறார், ஒப்பந்தக்காரரும் எண்ணுகிறார். ஆங்கிலேயன் அவ்வாறு எண்ணவில்லை.

‘பிட்’ என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல். அதன்கண் இரு பழைய வினைகள் காலப்போக்கில் கலந்து ஒன்றாயின. ஒரு வினைக்கு வேண்டுதல், இரத்தல் என்பன பொருள். மற்றொன்றுக்கு அறிவித்தல், தர முன்வருதல், ஏவுதல் என்பன பொருள். ஏலக்களத்தில் வழங்கும் ‘பிட்’ இரண்டாவதன் வழி வந்தது. “இவ்வளவு தருகிறேன்” என்று பணமுடையான் அறிவிப்பதே அதன் கருத்து.

‘டெண்டர்’ இலத்தீன் வழியினது. நீட்டுதல் என்பது அதன் வேர்ப்பொருள். கையில் உள்ளதை எதிரே நிற்பவனிடம் நீட்டுதல், முன்வைத்தல் என்பதே கருத்து. ஏட்டில் எழுதி, உறையில் இட்டு, குறித்த நாளுக்குள் நீட்டப்பெறும் விலையே டெண்டர்.

ஆகவே டெண்டர் ஒவ்வொன்றும் பிட் ஆகும். பிட் ஒவ்வொன்றும் டெண்டர் ஆகாது. ஏலத்தில் கேட்கப்பெறும் விலை திறந்த விலை. பக்கத்தில் நிற்பவன் செவியில் விழும். அவன் ஏற்றினால் இவனும் ஏற்றலாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்து 64ஆம் பிரிவின்படி, முடிந்தது என்று அறிவிக்கும் வரை கேட்டவன் தன் கேள்வியைத் திரும்பப் பெறவும் செய்யலாம். டெண்டரோ மூடிய விலை. அடுத்தவன் என்ன எழுதினான் என்பது உறை பிரியும் வரை தெரியாது; எழுதிய எண்ணை உயர்த்தவோ தாழ்த்தவோ பின்னர் வழியில்லை. பொருளை விற்கும்போது உயர்ந்த விலை வெல்லும். பாலமோ சாலையோ கட்டும் பணியைக் கொடுக்கும்போது தாழ்ந்த விலை வெல்லும்.

இத்துணை வேறுபாடும் அச்சொற்களைத் தாய்மொழியாகக் கொண்டவனுக்குச் சொல்லின் ஒலியிலேயே ஓரளவு விளங்கும். தமிழனுக்கு என்ன விளங்குகிறது? டகரம் தமிழில் மொழிமுதல் வாரா எழுத்து. ஆதலின் ஊர்ப்புற மக்கள் நாவில் அது ‘தெண்டர்’ ஆயிற்று. தமிழ்ச் செவிக்குத் ‘தெண்டர்’ என்பது தெண்டத்தையே நினைவூட்டும். பல டெண்டர்கள் முடிந்த முடிவைப் பார்த்தால், ஊரார் செவி பெரிதும் பிழைபடவில்லை என்றே கூறத் தோன்றும்!

தமிழன் கேட்டான், ஆங்கிலேயன் அறிவித்தான்

தமிழில் இதற்குச் சொல் இல்லையா? உண்டு. அதுவும் ஏட்டில் உறங்கும் சொல் அன்று. மேலூர்ச் சந்தையிலும் உசிலம்பட்டி ஊர்மன்றிலும் நாள்தோறும் வழங்கும் சொல். ஏலத்தில் விலை கூறுவதைத் தமிழன் “ஏலம் கேட்டான்” என்கிறான். கூறிய தொகையைக் ‘கேள்வி’ என்கிறான். ஏல விளம்பரங்களிலும் ‘கேள்வித்தொகை’, ‘உயர்ந்த கேள்வி’ என்று எழுதுவதுண்டு. ஈழத்தில் டெண்டரைக் ‘கேள்விப்பத்திரம்’ என்று அரசே எழுதி வந்துள்ளது. அதில் பின்னொட்டு வடசொல்லாயினும் தலைச்சொல் தமிழ்.

இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்குக. ஆங்கிலச் சொல் பணத்தின் பக்கம் நின்று பேசுகிறது: “யான் தருகிறேன்.” தமிழ்ச்சொல் பொருளின் பக்கம் நின்று பேசுகிறது: “எனக்குத் தருவீரா?” ஆங்கிலத்தில் பணமுடையான் கொடையாளன் ஆகிவிடுகிறான். தமிழில் அவன் எத்துணைச் செல்வனாயினும் கேட்பவனே. கேட்பவன் ஒருவன் இருந்தால் கொடுப்பவன் ஒருவன் இருக்கவேண்டும். கொடுப்பவன் இருந்தால் மறுக்கும் உரிமையும் அவனுக்கு இருக்கவேண்டும். ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வறம் முழுதும் அடங்கியுள்ளது.

மேலும் கேட்டல் என்னும் தமிழ்வினைக்குப் பொருள் ஒன்றன்று. செவியால் கேட்டல், ஐயம் கேட்டல், பொருள் கேட்டல், இசைவு கேட்டல். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் கேள்வி என்னும் பெயருடையது; அறிவுடையார் சொல்லைச் செவிமடுத்தலை அது பேசுகிறது. “யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?” என்று வீட்டில் தாய் மகனைக் கேட்பதும் இதே சொல்லால்தான். விலைக்குக் கேட்பவன் உடையவன் சொல்லையும் கேட்கவேண்டும் என்பது தமிழில் தனிச்சட்டம் இயற்றிச் சொல்லவேண்டிய செய்தி அன்று, சொல்லே சொல்லிவிடுகிறது.

மூடிய விலையும் தமிழனுக்குப் புதிதன்று. இன்று மதுரையின் பேருந்து நிலையத்துக்குப் பெயராய் நிற்கும் மாட்டுத்தாவணி என்பதற்கு மாட்டுச்சந்தை என்றே பொருள். மாட்டுச்சந்தைகளில் தரகர் இருவர் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தைத் தமிழகம் அறியும். சுற்றி நூறுபேர் நின்றாலும் விலை அவ்விரு கைகளுக்கே தெரியும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலோ பருத்திக்கும் தேங்காய்க்கும் வணிகர் தத்தம் விலையைச் சீட்டில் எழுதி இடுவர். அதனை ‘மறைமுக ஏலம்’ என்கின்றனர். திறந்ததும் மூடியதும் வேறு என்பதை உழவனும் தரகனும் தமிழிலேயே பிரித்தறிந்திருக்கின்றனர். பிரித்தறியாதவர் கற்றவர் எனப்படுவோரே.

பெருவிலை என்னும் பழஞ்சொல்

ஏலம் என்பதும் தமிழன்று. போர்த்துக்கீசியர் கடல்வழி வந்து வணிகம் செய்த காலத்தில், அலமாரியும் சாவியும் சன்னலும் மேசையும் வந்த வழியில் வந்த சொல் அது. தமிழில் ஏலம் என்றால் மலைச்சாரலில் விளைந்து மணக்கும் சரக்கு. இன்றைய ஏலங்கள் பலவற்றில் அம்மணம் இல்லை.

போர்த்துக்கீசியர் வருமுன் தமிழர் பலரறிய விலைகூறி விற்றதில்லையா? மதுரைக்காஞ்சி இந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடுகிறது. பகலிலும் இரவிலும் அங்காடி நடத்திய மக்கள் விற்பனைக்குச் சொல்லற்று வாழ்ந்தனர் என்றால் எவர் நம்புவர்? பழந்தமிழில் விலை என்பது பணத்தின் அளவை மட்டும் குறிக்கவில்லை, விற்றலையும் குறித்தது. விலையாவணம் என்பது விற்பனை ஆவணமே. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பெருவிலை’ என்னும் சொல் அரசர் பெயரோடு சேர்ந்து வருகிறது. அரசு ஆணையின்படி நிலத்தைப் பலரறிய விலைகூறி விற்றதை அச்சொல் குறிக்கும் என்பர் கல்வெட்டறிஞர். அரசும் ஊரவையும் நிலத்தை விற்றால் அச்செய்தியைத் தமிழில் கல்லில் வெட்டினர். எவரும் வந்து படிக்கும்படி கோயிற்சுவரில் வெட்டினர். அந்நாளின் அரசிலும் கொடுமை இருந்தது. ஆயினும் கொடுமையும் மக்கள்மொழியில் மக்கள் கண்முன் எழுதப்பெற்றது.

எனவே சொற்கள் ஆயத்தமாக உள்ளன. பலரறிய விலைகூறி விற்பது பெருவிலை. விலைக்குக் கேட்பது கேள்வி. ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக் கேட்பது ஏறுகேள்வி. உறையிலிட்டு மூடித் தருவது மூடுகேள்வி. பள்ளிச் சிறுவனும் ஒருமுறை கேட்டால் மறவான்.

அரசு என்ன செய்தது? டெண்டர் என்பதற்கு ‘ஒப்பந்தப்புள்ளி’ என்று ஒரு சொல்லை ஆக்கியது. 1998ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் டெண்டர்களில் வெளிப்படைத்தன்மை வேண்டிச் சட்டமே இயற்றியது. அச்சட்டத்தின் தமிழ்ப்பெயரிலும் ஒப்பந்தப்புள்ளியே நிற்கிறது. எண்ணிப் பார்க்க: விலை எழுதித் தரும் நிலையில் ஒப்பந்தம் ஏது? தந்ததை ஏற்ற பின்னரன்றோ ஒப்பந்தம்! பிறவா மகவுக்குப் பெயர்சூட்டும் விழா போன்றது இச்சொல். அதனையாவது உறுதியாய் வழங்கினரா? விளம்பரத் தலைப்பில் ‘இ-டெண்டர்’; உள்ளே ‘ஒப்பந்தப்புள்ளி’; கல்லுடைப்பு நிலங்களுக்கு ‘டெண்டருடன் கூடிய ஏலம்’; முன்பணத்துக்கு ‘டேவணித்தொகை’. டேவணி எந்த மொழி என்று ஊர்மன்றத்து அறிவிப்புப் பலகையின் கீழ் நிற்கும் பத்துப்பேரைக் கேட்டால் பத்துப்பேரும் விழிப்பர். முன்வைப்புத் தொகை என்று எழுதினால் கை நோகுமா?

மேலூரில் நடந்தது

இனி மேலூருக்கு வருக. செய்தித்தாள்கள் ‘டங்சுடன்’ என்று எழுதிய தங்குதன், மிகு வெப்பத்தையும் தாங்கும் கனத்த மாழை. சுவீடிய மொழியில் ‘கனமான கல்’ என்பதே அப்பெயரின் பொருள். சுவீடன் நாட்டான் தன் நிலத்துக் கல்லுக்குத் தன் மொழியில் பெயரிட்டான்; ஆங்கிலமும் அப்பெயரையே வழங்குகிறது.

2023ஆம் ஆண்டில் நடுவணரசு கனிமச் சட்டத்தைத் திருத்தி, இன்றியமையாதன என்று தான் குறித்த 24 கனிமங்களைத் தானே ஏலம் விடும் உரிமையை எடுத்துக்கொண்டது. தங்குதன் அவற்றுள் ஒன்று. அத்திருத்தத்தின் வழியே நாயக்கர்பட்டித் தங்குதன் பரப்பு 2024ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்து, இந்துசுதான் சிங்க் நிறுவனத்தின் கேள்வி உயர்ந்ததென அறிவிக்கப்பெற்றது.

இக்கனிம ஏலத்தின் முறையை உற்றுநோக்கின் மேலே கூறிய இரு சொற்களும் அதில் அடுத்தடுத்து வருதல் காணலாம். முதற்சுற்றில் நிறுவனங்கள் தத்தம் தகுதியையும் தொடக்க விலையையும் பிறர் அறியாமல் தரும், அது மூடுகேள்வி. அவற்றுள் உயர்ந்ததே அடிவிலையாகும். தேர்ந்த நிறுவனங்கள் மட்டும் இரண்டாம் சுற்றில் இணையத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கேட்கும், அது ஏறுகேள்வி. கேட்பதும் இத்துணை உருபா என்று அன்று; எடுக்கும் கனிமத்தின் மதிப்பில் இத்தனை விழுக்காடு அரசுக்கு என்று. ஐந்தாறு தொடர்களில் தமிழில் எழுதிவிடத்தக்க இச்செய்தி, அந்நிலத்தில் நெல்லும் கரும்பும் விளைப்போர்க்கு முன்கூட்டி எவராலும் விளக்கப்படவில்லை.

அந்நிலமோ எத்தகையது? அரிட்டாபட்டியையும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்தையும் சார்ந்த 193.215 எக்டேர் பரப்பை 2022 நவம்பர் 22 அன்று தமிழ்நாடு அரசு பல்லுயிர் மரபுத் தளமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் முதலாவது அத்தகைய தளம் அது. அங்கே மலையைக் குடைந்த பாண்டியர் காலச் சிவன்கோயில் உண்டு. கழிஞ்சமலைக் குகையில் ஈராயிரம் ஆண்டு கடந்த தமிழியெழுத்துக் கல்வெட்டு உண்டு. மீனாட்சிபுரத்து மலையில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த மாங்குளம் கல்வெட்டுகள் உண்டு. வெள்ளறை வணிகக் குழுவினர் துறவியர்க்குக் கொடுத்த கொடையையும் அவை கூறும். அரிட்டாபட்டிக் கல்வெட்டில் நிற்கும் வினைச்சொல் எது தெரியுமா? கொடுப்பித்தல்! கொடுத்தவன் பெயரும் கொடுத்த பொருளும் தமிழில் கல்லில் நிற்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒரு முழைஞ்சைக் கொடுத்தவனுக்கு அதைத் தமிழில் அறிவிக்கத் தெரிந்தது. ஐயாயிரம் ஏக்கரைக் கொடுத்த அரசுக்குத் தெரியவில்லை.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 2024 நவம்பரிலேயே ஊர்மன்றங்களில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. திசம்பர் 9 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஏலத்தை நீக்கக்கோரி ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. மாநிலத்தார் 2023இலேயே எதிர்த்து எழுதினோம் என்றனர். தில்லியாரோ ஏலம் முடியும்வரை மாநிலம் தடை சொல்லவில்லை என்றனர். இருவர் மடலும் இருவர் பேழையிலேயே கிடந்தன. ஊரார் கையில் ஒரு தாளும் இல்லை. 2025 சனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி உழவரும் பெண்டிரும் வணிகரும் பெருந்திரளாய் மதுரை நோக்கி நடந்தனர். சனவரி 23 அன்று நடுவணரசு அவ்வேலத்தை நீக்குவதாக அறிவித்தது.

அம்மக்களின் எழுச்சியை ஒரு தொடரில் பிழிந்தால் அது இதுவே: “எங்களைக் கேளாமல் எங்கள் மண்ணை யார் கேட்டார்? யார் கொடுத்தார்?” இக்கேள்வியை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்க்க. கேளாமை என்பதற்கு ஒரு சொல்லும், விலைக்குக் கேட்டல் என்பதற்கு வேறொரு சொல்லும் வேண்டியிருக்கும். தொடரின் உயிர் போய்விடும். தமிழில்தான் இரண்டும் ஒரே வேரில் நின்று ஒன்றையொன்று வினவுகின்றன.

மறுப்பார்க்கு விடை

“ஏலம், டெண்டர் என்றால் எல்லார்க்கும் விளங்குகிறதே, மாற்றுவானேன்?” என்பார் உளர். விளங்குவது ஒலியா, பொருளா? மூடிய விலையில் தம் ஊர்ப்பாலத்தை எடுத்தவர் எத்தனை விழுக்காடு குறைத்து எடுத்தார், அவ்வுறைகள் எந்நாளில் எவர் முன்னிலையில் பிரிக்கப்பெற்றன என்று கேட்கும் துணிவு எத்தனை ஊர்களில் உண்டு? டெண்டர் என்பது ‘பெரியவர்கள்’ தமக்குள் முடித்துக்கொள்ளும் ஏதோ ஒன்று என்றே பலர் கருதியிருக்கின்றனர். சொல் அயலதாகையால் அதனால் குறிக்கப்பெறும் செயலும் அயலதாகிவிட்டது. மூடுகேள்வி என்று எழுதினால், மூடியதைத் திறக்கும் நாள் எது என்ற வினா தானே எழும்.

“தமிழ்ச்சொல் இருந்திருந்தால் மேலூர் ஏலம் நின்றிருக்குமோ?” என்று நகையாடுவாரும் உண்டு. நின்றிராது. சொல் ஒன்றே ஆட்சியை மடக்கும் என்று அறிவுடையோர் கூறார். உள்ளாட்சித் தேர்தல் காலங்களில் ஊராட்சித் தலைமையையே ஏலம் விட்ட இழிசெய்திகள் மதுரைப் பக்கத்திலிருந்தும் வந்தனவே. அங்கே பேசியது முழுதும் தமிழ்தான். தமிழில் செய்தாலும் இழிவு இழிவே. ஆயினும் தமிழில் நடந்ததால் நாடு அதை உடனே அறிந்தது; காறி உமிழ்ந்தது. அயன்மொழியில் நடப்பதோ, முடிந்தபின்னரே அறியவருகிறது. தூய சொல் தீமையைத் தடுக்கும் மதில் அன்று; தீமையைக் காட்டும் விளக்கு. விளக்கில்லா வீட்டில் கள்வன் புகுந்ததைக் காலையில்தான் அறியமுடியும்.

உலகத் தமிழ் மாநாட்டுக்கென மதுரை வந்த பாவாணர் 1981 சனவரியில் இம்மதுரையிலேயே உயிர்நீத்தார். வாழ்நாள் முழுதும் அவர் சொல்லின் வேரைத் தோண்டியது, பட்டியல் நிரப்புவதற்கன்று. வேர் தெரிந்தவனை மண்ணிலிருந்து எளிதில் பெயர்க்க இயலாது என்பதற்காக.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. ஊர்நிலத்தையோ நீரையோ மலையையோ பற்றிய எந்த விற்பனை அறிவிப்பும் முதற்கண் தமிழில், அவ்வூர் மன்றில், கேள்விக்கு முன்னர் ஒட்டப்பெறுதல் வேண்டும். டெண்டர், டேவணி முதலான சொற்கள் ஒழிந்து கேள்வி, மூடுகேள்வி, பெருவிலை, முன்வைப்புத்தொகை என்னும் சொற்கள் அரசாணைகளில் ஏறுதல் வேண்டும். ஊரார் கூடிய அவையில் அவர்தம் இசைவு கேட்கப்பெற்ற பின்னரே வெளியார் விலை கேட்டல் வேண்டும்.

இவை கேட்பதற்குக் கடினமானவை அல்ல. மரத்தடியில் புளியமரத்து விளைச்சலுக்குத் தமிழன் காட்டும் நேர்மையை ஐயாயிரம் ஏக்கர் மண்ணுக்கும் காட்டுக என்பதே. ஆள்வோர் செவியில் விழட்டும்.

ஒரு தரம்! இரண்டு தரம்!

மூன்றாம் தரம் கூவுமுன் தமிழன் விழித்துக்கொள்க!